மறுத்து நிற்பவனுக்கு ஓர் இடம்

எதிர்காலச் சமுதாயம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்ற வினாவுக்கு விடைகூற முற்பட்டோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் உற்பத்தி பெருகுவதைப் பற்றியும் பசி ஒழிவதைப் பற்றியும் விரிவாக எழுதினர். அச்சமுதாயத்தில் வாழப்போகும் ஒருவன், "இதனை நான் செய்யமாட்டேன், வேறொன்றைச் செய்ய விரும்புகிறேன்" என்று கூறினால் அவனுக்கு என்ன நேரும் என்பதைச் சிந்தித்தோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு சமுதாயத்தின் சுதந்திரத்தை அளந்தறிவதற்கு இவ்வினாவினும் சிறந்த அளவுகோல் இல்லை எனலாம். அதிகாரம் ஓரிடத்தே குவியாது ஊர்தோறும் பரவி நிற்கும் எதிர்காலம் ஒன்றைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். அப்பேச்சின் வரலாறு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதன் கிளையொன்று நமது நாட்டையும் தொட்டுச் சென்றிருக்கிறது.

1888ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வேட் பெலமி 'பின்னோக்கிப் பார்த்தல்' என்னும் நாவலை வெளியிட்டார். 1887இல் பொஸ்டன் நகரில் உறங்கிப்போன ஒருவன் 2000ஆம் ஆண்டில் விழித்தெழுகிறான். அதற்கிடையில் நாட்டின் முதல் முழுவதும் அரசின் கைக்கு மாறிவிட்டது. வறுமை இல்லை, போட்டி இல்லை, யாவருக்கும் சமமான பங்கு கிடைக்கிறது. இருபத்தொரு வயது முதல் நாற்பத்தைந்து வயது வரை ஒவ்வொருவரும் கைத்தொழிற் படையிற் சேவை செய்தல் வேண்டும். அப்படைக்கு அணிகளும் தரங்களும் அதிகாரிகளும் உண்டு. உழைக்க வல்ல ஒருவன் விடாப்பிடியாக மறுப்பானாயின், அவன் இணங்கும்வரை ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துத் தனிச்சிறையில் வைப்பர். பெலமிக்கு இது கொடுமையாகத் தோன்றவில்லை. ஒழுங்கின் இயல்பான விளைவாகவே அவர் இதனைக் கருதினார். முதலாளித்துவத்தின் அராஜகத்தைக் கண்டு மனம் வெதும்பிய மத்தியதர வர்க்கத்தினருக்கு இந்த ஒழுங்கு பெரும் ஆறுதலளித்தது. நூலும் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று.

இந்நூலைப் படித்துச் சினங்கொண்டவர்களுள் ஒருவர் வில்லியம் மொறிஸ். 1834இல் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்த மொறிஸ் கவிஞர். துணிகளுக்கும் சுவர்த்தாள்களுக்கும் சித்திரக்கோலம் வகுத்த கலைஞர். நெசவு, சாயமிடுதல், அச்சுத்தொழில் முதலியவற்றைத் தம் கையாலேயே பயின்றவர். அழகிய பொருள்களை ஆக்கிய அவருக்கு நாளடைவில் ஒன்று புலனாயிற்று. அவருடைய தொழிற்சாலைப் பொருள்களை வாங்கக் கூடியவர்கள் செல்வர்களே. ஆக்கத்தின் இன்பம் கோடிக்கணக்கான தொழிலாளருக்கு மறுக்கப்பட்டிருக்கும்வரை கலை என்பது சிலரின் அலங்காரமாகவே இருக்கும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1883இல் சமதர்ம இயக்கத்திற் சேர்ந்தார். தெருமுனைகளில் நின்று பேசினார். 1887 நவம்பர் 13ஆந் திகதி இலண்டன் திரபல்கர் சதுக்கத்தை நோக்கிச் சென்ற ஊர்வலங்களைப் பொலிசாரும் படையினரும் அடித்துக் கலைத்தபொழுது அவரும் அவ்வூர்வலத்தில் இருந்தார்.

பெலமியின் நூலை 1889இல் தாம் ஆசிரியராயிருந்த 'கொமன்வீல்' பத்திரிகையிற் கண்டித்து எழுதிய மொறிஸ், அடுத்த ஆண்டே அதே பத்திரிகையில் தமது விடையைத் தொடர்கதையாக வெளியிட்டார். அதுவே 'எங்குமில்லா ஊரின் செய்திகள்'. இந்நூலிற் காணும் எதிர்கால இங்கிலாந்தில் மத்திய அரசு இல்லை. பணம் இல்லை, சிறைச்சாலை இல்லை. பாராளுமன்றக் கட்டிடம் எருச் சேமிக்கும் சந்தையாகிவிட்டது. மக்கள் தத்தம் வட்டாரத்திற் கூடிப் பொதுக் கருமங்களை முடிவு செய்கின்றனர். பழைய இரும்புப் பாலம் ஒன்றினை அகற்றிக் கற்பாலம் கட்டுவதா என்ற விடயம் உதாரணமாகக் காட்டப்படுகிறது. கருத்து வேறுபாடு இருப்பின் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பர். பெரும்பான்மை சிறிதாயின் மீண்டும் ஒத்திவைப்பர். அது பெரிதாயிருந்தாற்கூடச் சிறுபான்மையினரை நோக்கி, "விட்டுக் கொடுப்பீர்களா?" என்று கேட்பரேயன்றி உடனே அடக்கிவிடமாட்டார்கள். எண்ணிக்கையின் பலத்தினால் அவசரப்படாத ஒரு ஜனநாயகத்தை மொறிஸ் இங்கு கற்பனை செய்கிறார்.

எனினும், நூலின் உயிர்நிலை என்று நான் கருதுவது இருபத்தாறாம் அத்தியாயமே. வைக்கோற் புல் அறுக்கும் காலம். ஊரே திரண்டு வயலுக்குச் செல்கிறது. அங்கு அது வேலை மட்டுமன்று, பெருவிழாவுமாகும். ஆனால் ஆற்றங்கரையில் ஒரு சிறு குழுவினர் வயலுக்குப் போக மறுத்து வீடொன்றைக் கட்டிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய தலைசிறந்த சிற்பி பிலிப்பா என்னும் பெண். வசந்தத்தின் தொடக்கத்தில் அவள் நோயுற்றிருந்தமையால் வேலை பிந்திவிட்டது. அவளின்றி இவ்வீட்டைக் கட்டுவதிற் பொருளில்லை என்பது ஏனையோரின் துணிபு. வந்தவர்களை நிமிர்ந்து பார்ப்பதற்கும் நேரமின்றி அவள் கல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். ஊரார் அவர்களுக்குப் 'பிடிவாத மறுப்பாளர்' என்று பட்டப்பெயர் சூட்டிச் சிரிக்கின்றனர், அவ்வளவுதான். தண்டனை இல்லை, பகிஷ்காரமும் இல்லை. சிரித்தவர்களையே அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்க அழைக்கின்றனர்.

பெலமியின் தனிச்சிறையையும் மொறிஸின் ஆற்றங்கரையையும் அருகருகே வைத்து நோக்குக. இருவரும் தனிச்சொத்தை ஒழித்தவர்களே; இருவரும் சமத்துவத்தை விரும்பியவர்களே. ஒருவர் சமத்துவத்தை அணிவகுப்பாகக் கண்டார். மற்றவரோ சமத்துவத்தின் பயனே ஒவ்வொருவரும் தத்தம் கைவண்ணத்தைக் காட்டும் உரிமைதான் என்று கண்டார். கலகம் என்பது அழிப்பதாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. எல்லோரும் புல் அறுக்கும்போது கல்லைச் செதுக்குவதும் கலகமே. மொறிஸுக்கும் குறைபாடு உண்டு. அவருடைய இலட்சிய நாட்டிலும் உணவு பரிமாறுவோர் பெரும்பாலும் பெண்களாகவே இருக்கின்றனர். பிலிப்பா அந்நாட்டில் ஒரு விதிவிலக்கே.

இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இந்நாடு தானாகத் தோன்றியதாக மொறிஸ் எழுதவில்லை. 'மாற்றம் எவ்வாறு வந்தது' என்ற நீண்ட அத்தியாயத்தில் வேலைநிறுத்தம், சதுக்கத்தில் மக்கள் சுட்டுக்கொல்லப்படுதல், உள்நாட்டுப் போர் ஆகியன 1952ஆம் ஆண்டு முதல் நிகழ்வனவாகக் கூறப்படுகின்றன. உடைமை உறவுகள் மாறாமல் ஊர்கள் சுதந்திரம் பெறா என்பதே அவர் கருத்து. அவர் கற்பனை செய்த ஆண்டு வந்து போயிற்று, மாற்றம் வரவில்லை. ஆயினும் அவர் கண்ட காரணகாரியத் தொடர்பு பொய்த்துவிடவில்லை.

அதனை நிரூபிப்பது போன்ற ஒரு நிகழ்ச்சி மொறிஸின் வழித்தோன்றல்களிடையே நடந்தது. சி. ஆர். அஷ்பி என்பவர் 1888இல் கிழக்கு இலண்டனில் கைவினைஞர் சங்கமொன்றை நிறுவினார். 1902இல் தொழிலாளரும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ நூற்றைம்பது பேர் நகரத்தை விட்டு நீங்கிச் சிப்பிங் கம்டன் என்ற கிராமத்திற் குடியேறினர். வெள்ளி வேலையும் தளபாட வேலையும் அங்கு செழித்தன. ஆனால் சந்தை மாறவில்லை. இயந்திரத்திற் செய்த மலிவான போலிப் பொருள்கள் அவர்களை நெருக்கின. விற்பனை மந்தமானால் நகரத்தில் வேறு வேலை தேடலாம். கிராமத்தில் அதற்கும் வழியில்லை. 1908 அளவில் சங்கம் கலைந்தது. முதலாளித்துவக் கடலின் நடுவே ஒரு தீவாக வாழ முயன்றதன் முடிவு இது.

அஷ்பியின் அச்சகத்திலேதான் நமது நாட்டின் தொடர்பு தொடங்குகிறது. மொறிஸ் மறைந்தபின் அவருடைய கெல்ம்ஸ்கொற் அச்சியந்திரம் அஷ்பியின் கைக்கு வந்தது. அவ்வியந்திரத்திலே 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் கையால் அச்சிடப்பட்ட நூல் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை'. 425 பிரதிகளே அச்சாயின. 1877இல் கொழும்பிற் பிறந்த குமாரசுவாமி சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராக ஊர் ஊராகச் சென்றவர். கற்களைத் தேடிச் சென்ற அவர் கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞரைக் கண்டார். அந்நிய ஆட்சியும் ஆலைப் பொருள்களும் அவர்தம் கலையை அழித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அடிமை நாட்டு மக்களுக்குத் தம் கைத்திறனில் நம்பிக்கையூட்டியவர் என்ற வகையில் அவரது பணி மகத்தானது. இயந்திர யுகத்துக்குப் பின்வரும் சமுதாயத்தைக் குறிக்கும் 'பின்கைத்தொழில்' என்ற சொல்லைக் குமாரசுவாமியிடமிருந்தே தாம் பெற்றதாக ஆங்கிலச் சிந்தனையாளர் ஆதர் பென்ரி 1922இல் எழுதினார். 1918இல் வெளியான 'சிவ நடனம்' என்ற கட்டுரைத் தொகுதியில், பிறரை ஆள வேண்டும் என்ற விருப்பத்தைத் துறத்தல் பற்றியும் தனிமனிதனின் தன்னாட்சி பற்றியும் குமாரசுவாமி ஆழ்ந்து பேசியுள்ளார்.

ஆனால், மொறிஸின் கனவு கடல் கடந்து வந்தபொழுது ஒன்று நழுவிவிட்டது. குமாரசுவாமியின் நோக்கில் இந்தியக் கிராமத்துக் கைவினைஞன் பரம்பரைக் காணியும் பரம்பரைத் தொழிலும் உடையவன்; போட்டியின் கொடுமையை அறியாதவன். சாதியமைப்பு அவருக்குத் தொழிற்சங்கம் போன்ற ஒரு பாதுகாப்பாகவே தோன்றியது. தத்தம் இயல்புக்குரிய கருமத்தைச் செய்தலே சுதந்திரம் என்றார். இயல்பை நிர்ணயித்தது யார் என்ற வினாவை அவர் போதிய அளவு எழுப்பவில்லை. தச்சன் மகன் தச்சனாகவே இருக்க விரும்பலாம். அவன் விரும்பாவிட்டால்? தச்சுத் தொழிலாவது மதிப்புடையது. பறையடிப்பதும் மலம் அள்ளுவதும் ஒருவனுடைய இயல்பென்று விதித்தவர் யார்?

இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்து வரலாறே விடை கூறும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, ஊர் வழக்கத்தின் சட்டம். அதில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் பொதுக் கிணற்றில் நீரள்ளும் உரிமையும், ஆலயத்தின் உள்ளே நின்று வழிபடும் உரிமையும், தேநீர்க்கடையிற் சமமாக இருந்து பருகும் உரிமையும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வரவில்லை. 1930ஐ ஒட்டிப் பாடசாலைகளிற் சமாசனம் வழங்கப்பட்டபோது பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. தீ வைத்தோர் மத்திய அரசின் ஏவலர் அல்லர், ஊரவரே. 1957இல் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டத்தை நிறைவேற்றிய பின்னரும், 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவின் முன் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாக்க வேண்டுமென்று சிலர் வாதாடியபோது, அக்கிராமம் அறியாமையினதும் குறுகிய மனப்பான்மையினதும் இருப்பிடம் என்று 1948 நவம்பரில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இடித்துரைத்ததன் பொருளை நம்மவர் நன்கு உணர்வர்.

அவ்வாறாயின் மத்திய அதிகாரமே மேலானதா? அன்று. 1956இல் ஒரே மொழியை அரசகரும மொழியாக்கிய சட்டமும் கொழும்பிலேதான் பிறந்தது. எண்ணிக்கையின் பலம் விட்டுக் கொடுப்பீர்களா என்று கேட்கவில்லை, கட்டளையிட்டது. அதன் விளைவுகளை நாடு இரத்தத்தினால் அனுபவித்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தத்தின் மூலம் மாகாணசபைகள் தோன்றின. 2013இல் தெரிவான வட மாகாணசபையின் பதவிக்காலம் 2018இல் முடிவடைந்தபின் நிருவாகம் மத்தியினால் நியமிக்கப்படும் ஆளுநரின் கைக்குச் சென்றது. அதிகாரப் பரவலாக்கம் நமக்கு இன்றியமையாதது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதனை யாருக்காகப் பெறுகிறோம் என்பதே கேள்வி. கொழும்பிலிருந்து பெறும் அதிகாரம் ஊர்ப் பெரிய மனிதரின் வளவுக்குள் முடங்குமாயின், கடைக்கோடியில் வாழும் ஒருவனுக்கு எசமானின் முகவரி மட்டுமே மாறும்.

வருங்காலம் பற்றிய புதிய ஆரவாரம் ஒன்றும் நம் காதில் விழுகிறது. கணினியும் கைபேசியும் அதிகாரத்தைச் சிதறடித்துவிட்டன என்றும், இனி ஒவ்வொருவனும் தனக்குத்தானே எசமான் என்றும் கூறுகின்றனர். நகரத் தெருக்களில் உணவுப் பொதி காவிச் செல்லும் இளைஞனைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் அவனுடையது, நேரமும் அவனுடையதென்கின்றனர். ஆனால் கூலியை நிர்ணயிக்கும் கணக்கு எங்கோ தொலைவில் உள்ள நிறுவனத்திடம் இருக்கிறது. கட்டளைகளை மறுத்துக்கொண்டே போனால் அவனுக்கு வேலை வருவது நின்றுபோகலாம். பெலமி வேண்டிய சிறைக்கூடங்கூட இங்கு அவசியமில்லை. வேலை சிதறிக் கிடக்கிறது. உடைமை குவிந்து கிடக்கிறது. இதனைச் சுதந்திரம் என்பது சொற்களை ஏமாற்றுவதாகும்.

ஆகவே, மத்தியா ஊரா என்ற கேள்வி மட்டும் போதாது. கருவியும் காணியும் கணக்கும் யார் கையில் உள்ளன என்று கேட்க வேண்டும். ஊர்க்கூட்டத்திற் பெண்ணும் தாழ்த்தப்பட்டவனும் எழுந்து பேச முடியுமா என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுத்து நிற்பவனுக்கு அங்கே சோறும் கூரையும் உளியும் உண்டா என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு ஆம் என்று விடையிறுக்கும் சமுதாயத்தைக் கற்பனையால் மட்டும் கட்டியெழுப்ப முடியாது. மாவிட்டபுரத்தில் நின்றவர்கள் அதனை அறிந்திருந்தனர். ஆனால் கற்பனையில்லாத போராட்டம் பழைய சிறைக்குப் புதிய காவலரை நியமிப்பதோடு முடிந்துவிடலாம். பிலிப்பாவுக்கு ஆற்றங்கரையில் மொறிஸ் விட்டுவைத்த இடத்தை நமது எதிர்காலத் திட்டங்களிலும் நாம் இப்பொழுதே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.