கற்போரே கற்பிப்போர்: மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தின் வரலாறு

ஓய்வு பெற்ற பின்னும் உடல்நலத்தோடு வாழக் கிடைக்கும் நீண்ட காலம், பெருந்திரளான மக்களுக்கு வாய்த்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். பிரிட்டனில் 1908ஆம் ஆண்டுச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தை ஏற்படுத்தியபோது அதைப் பெறுவதற்குரிய வயது 70 என்றும், தொகை வாரத்துக்கு அதிகபட்சம் 5 ஷில்லிங் என்றும் வகுக்கப்பட்டன. உழைக்கும் வகுப்பினரில் அந்த வயதை எட்டியவர்களே குறைவு என்பதால், ஓய்வு என்பது தனியொரு வாழ்க்கைப் பருவமாக எண்ணப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் விரிந்து, மருத்துவம் ஆயுளை நீட்டித்து, ஓய்வூதியம் முதுமையின் வறுமையைத் தணித்த பிறகே, பணியின் முடிவுக்கும் தளர்ச்சியின் தொடக்கத்துக்கும் இடையே ஓர் இடைவெளி தெளிவாகத் தென்பட்டது. அந்த இடைவெளிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயரே 'மூன்றாம் பருவம்'. கல்வி பயிலும் இளமையையும் பொருளீட்டும் நடுவயதையும் அடுத்து வருவது என்பது அதன் பொருள்.

பெயர் பிறந்த நாட்டிலேயே அதற்கான நிறுவனமும் பிறந்தது. பிரெஞ்சுச் சமூகக் காப்பீட்டு முறையை 1945இல் உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான பியர் லரோக்கின் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, 1962இல் அளித்த அறிக்கையில், முதியோரைக் காப்பகங்களில் ஒதுக்கி வைக்காமல், இயன்றவரை அவரவர் இல்லத்திலும் சமூகத்தின் நடுவிலும் வாழச் செய்வதே அரசின் நோக்கமாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 1968ஆம் ஆண்டு மாணவர் எழுச்சிக்குப் பின் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் தொடர்கல்விச் சட்டமும் பல்கலைக்கழகத்தின் கதவுகளை இளைஞர் அல்லாதோருக்கும் திறந்து வைத்தன. இந்தப் பின்னணியில், துலூஸ் நகரின் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பியர் வெல்லாஸ், 1973இல் ஓய்வு பெற்றோருக்கான தனிப் பாடத்திட்டத்தைத் தொடங்கினார். நுழைவுத் தகுதி, தேர்வு, பட்டம் ஆகிய எதுவும் அங்கு இல்லை. ஓய்வு பெறும் வயதைக் கடந்த எவரும் எளிய படிவம் ஒன்றை நிரப்பி, சிறு கட்டணம் செலுத்திச் சேரலாம். சொற்பொழிவுகள், மொழி வகுப்புகள் ஆகியவற்றோடு உடற்பயிற்சியும் சுற்றுலாவும் திட்டத்தில் சரிநிகரான இடம் பெற்றிருந்தன. முதுமையில் அறிவும் உடலும் உறவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்ற கருத்தே இதன் அடித்தளம்.

இம்முயற்சி விரைவில் எல்லை கடந்தது. 1975இல் இத்தகைய நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் மருத்துவர் ஹலினா ஷ்வார்ட்ஸ் வார்சாவில் ஒரு மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியதால், கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் இருந்த போலந்திலும் இக்கருத்து வேரூன்றியது. எனினும் இவை யாவற்றிலும் அறிவு ஒரே திசையில்தான் பாய்ந்தது: பல்கலைக்கழகம் வழங்கியது, முதியோர் பெற்றுக்கொண்டனர்.

அத்திசையைத் திருப்பியவர்கள் பிரிட்டனில் மூவர். இங்கிலாந்தின் பழைய குடும்பங்கள் பெரும்பாலும் கூட்டுக் குடும்பங்கள் அல்ல, பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமே கொண்ட சிறு குடும்பங்களே என்று ஆவணங்களைக் கொண்டு நிறுவிய கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்னும் கருத்து உருவாவதில் பெரும் பங்கு கொண்ட சமூகவியலாளர் மைக்கேல் யங், முதுமைக் கொள்கை ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த எரிக் மிட்வின்டர் ஆகியோர் 1981இல் கேம்பிரிட்ஜில் இவ்வியக்கத்துக்கு வித்திட்டனர். லாஸ்லெட்டும் யங்கும் 1915இல் பிறந்தவர்கள் என்பதால், அப்போது அவர்களே மூன்றாம் பருவத்தின் வாசலில் நின்றிருந்தார்கள். அந்த 1981ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் அரசு பல்கலைக்கழகங்களுக்கான நிதியைக் கடுமையாகக் குறைத்தது. எனவே பிரெஞ்சு முறையைப் பின்பற்றிப் பல்கலைக்கழகத்தின் கொடைக்காகக் காத்திருப்பதில் பயன் இருந்திருக்காது. ஆனால் அவர்களுடைய வாதம் நிதிப் பற்றாக்குறையோடு நிற்கவில்லை. ஓய்வு பெற்றோருள் ஆசிரியர், பொறியாளர், செவிலியர், தச்சர், இசைவாணர் என எல்லாத் தொழிலினரும் இருப்பதால், அவர்களுக்குத் தேவையான அறிவு அவர்களிடமே குவிந்து கிடக்கிறது என்பதும், கற்பவர் கற்பிக்கவும் கற்பிப்பவர் கற்கவும் வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்த கொள்கை. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல், இடைக்காலத்தில் கட்டடத்தையோ பட்டத்தையோ குறிக்காமல், ஒரு நோக்கத்துக்காக ஒன்றுகூடியோரின் கூட்டமைப்பையே குறித்தது என்பதால், அப்பெயரைத் தாங்குவதற்கு இவ்வமைப்பு முழுத் தகுதி உடையதாயிற்று.

நடைமுறையும் கொள்கைக்கு ஏற்பவே அமைந்தது. ஒவ்வோர் ஊரிலும் உள்ள அமைப்பு தன்னாட்சி உடையது. மூன்றாம் பருவ அறக்கட்டளை என்னும் தேசிய அமைப்பு அவற்றை இணைத்து உதவுகிறதேயன்றி ஆள்வதில்லை. உறுப்பினர் செலுத்தும் சிறிய ஆண்டுச் சந்தாவே முதன்மை வருவாய். நடத்துவோர் எவருக்கும் ஊதியம் இல்லை. இலத்தீன், தாவரவியல், உள்ளூர் வரலாறு, ஓவியம், நடைப்பயணம், கணினி என்று ஆர்வத்துக்கேற்பப் பிரியும் சிறு குழுக்கள் உறுப்பினர் வீட்டுக் கூடத்திலோ, நூலகத்திலோ, தேவாலய மண்டபத்திலோ கூடுகின்றன. ஒரு குழுவில் பிரெஞ்சு மொழி கற்பிப்பவர் மற்றொரு குழுவில் தொடக்க மாணவராக அமர்வதால், யாரும் நிரந்தரமாக உதவி பெறுபவராக ஆவதில்லை. தனிமைக்கு மருந்து என்று அறிவிக்கப்படாமலேயே இம்முறை தனிமையைக் குறைப்பதற்குக் காரணம் இதுவே. நாற்பதாண்டுகளுக்குள் பிரிட்டனில் இத்தகைய அமைப்புகளின் எண்ணிக்கை ஆயிரத்தையும், உறுப்பினர் எண்ணிக்கை நான்கு லட்சத்தையும் தாண்டின.

இவ்வனுபவத்துக்கு லாஸ்லெட் 1989இல் வெளியிட்ட நூலில் கோட்பாட்டு வடிவம் தந்தார். வாழ்க்கையை நான்கு பருவங்களாகப் பிரித்த அவர், சார்ந்திருந்து கற்கும் காலத்தை முதலாவதாகவும், பொறுப்பும் உழைப்பும் மிக்க காலத்தை இரண்டாவதாகவும், தன்னிறைவு காணும் காலத்தை மூன்றாவதாகவும், மீண்டும் பிறரைச் சார்ந்து தளரும் காலத்தை நான்காவதாகவும் கொண்டார். இந்திய மரபு கூறும் நான்கு நிலைகளிலும் மூன்றாவதாகிய வானப்பிரஸ்தம் இல்லறப் பொறுப்புகளைக் கைம்மாற்றிவிட்டு விலகுவதைக் குறிக்கிறது; லாஸ்லெட்டின் மூன்றாம் பருவமோ, பொறுப்புகள் நீங்கியதால் கிடைத்த ஓய்வைக் கொண்டு சமூகத்துக்குள் மேலும் நுழைவதைக் குறிக்கிறது.

பிற நாடுகள் தத்தம் தேவைக்கேற்ப இக்கருத்தை வளைத்துக்கொண்டன. சீனாவில் கட்சி, அரசுப் பதவிகளில் ஆயுள் முழுதும் நீடிக்கும் வழக்கத்தை முடித்து, 1982இல் மூத்த அலுவலர்களுக்கு ஓய்வு முறை கொண்டுவரப்பட்டதும், பதவி இழந்தோரின் நாட்களை நிரப்ப வேண்டிய தேவை எழுந்தது. 1983இல் ஷாண்டோங் மாநிலத்தில் முதல் முதியோர் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டு, அரசின் ஆதரவோடு அம்முறை நாடெங்கும் பரவியது. ஆஸ்திரேலியா பிரிட்டனைப் பின்பற்றி 1984இல் மெல்போர்னில் தொடங்கியது. தொலைதூரப் பண்ணைகளில் வாழ்வோரும் வீட்டைவிட்டு வெளியேற இயலாதோரும் பங்கேற்கும்படி, 1990களின் இறுதியில் இணையவழிப் பாடங்களையும் அங்கு அமைத்தனர்.

இவ்வரலாற்றின் குறையும் அதன் அடித்தளக் கொள்கையிலிருந்தே பிறக்கிறது. பிறருக்குக் கற்பிக்கத் தன்னிடம் ஏதோ உண்டு என்று நம்புவோரே இத்தகைய அமைப்பில் எளிதாகச் சேர்கின்றனர். அந்த நம்பிக்கையைப் பெரும்பாலும் பள்ளிப்படிப்பும் மதிப்புள்ள வேலையும் தருவதால், உறுப்பினருள் நடுத்தர வகுப்பினரே மிகுந்திருப்பது பலமுறை சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. ஓய்வூதியம் இன்றி உடல் ஓயும்வரை உழைப்போருக்கு மூன்றாம் பருவம் வருவதே இல்லை. இரண்டாம் பருவத்திலிருந்து அவர்கள் நேரே நான்காம் பருவத்துக்குள் தள்ளப்படுகின்றனர். ஆகவே முதியோருக்கு வகுப்புகள் நடத்துவதற்கு முன், வகுப்புக்கு வரும் நேரத்தை அவர்களுக்கு ஈட்டித் தந்தது ஓய்வூதியமே என்பதையும், 1973ஆம் ஆண்டின் துலூஸ் வகுப்பறைக்கான வழி 1908ஆம் ஆண்டின் அந்த 5 ஷில்லிங்கைப் போன்ற சிறு தொகைகளால்தான் போடப்பட்டது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.