இரட்டைத் தளை: ஆய்வு நிறுவனங்களிற் பெண் சமத்துவம்

1975 டிசெம்பரில், அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் அழைப்பை ஏற்று, கறுப்பினத்தவர், பூர்வகுடிகள் முதலிய சிறுபான்மை இனங்களைச் சேர்ந்த 30 பெண் விஞ்ஞானிகள் வேர்ஜினியாவிற் கூடினர். அவர்தம் அனுபவங்களைத் தொகுத்த அறிக்கை, 'இரட்டைத் தளை' எனப் பொருள்படும் தலைப்புடன் 1976 இல் வெளிவந்தது. பெண்களுக்கென வகுத்த திட்டங்கள் வெள்ளையினப் பெண்களுக்கும், சிறுபான்மையினருக்கென வகுத்தவை ஆண்களுக்குமே பெரிதும் பயன்பட்டன என்பதும், இரு பிரிவுக்கும் உரிய பெண் இரண்டிலும் விடுபட்டாள் என்பதும் அதன் சாரமாகும்.

இந்நிலையை 1989 இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிறென்ஷோ நாற்சந்தி உவமையால் விளக்கிப் பெயரிட்டார்: சந்தியில் நிற்பவரை எத்திசை வாகனமும் மோதக்கூடும்.

2022 முதல் ஐரோப்பிய ஒன்றியம், ஆய்வு நிதி கோரும் பல்கலைக்கழகங்களிடம் பால்நிலைச் சமத்துவத் திட்டத்தைக் கட்டாயமாக வேண்டுகின்றது. ஆயினும், அதிற் கட்டாயமான புள்ளிவிபரம் பால் அடிப்படையில் அமைந்தது மட்டுமே. இனமும் பாலும் சேர்த்து எண்ணப்படாதவிடத்து, 1975 இல் விடுபட்டவள் இன்றும் கணக்கில் வாராள்.