அமைதிப் பாலமும் நயாகரா ஆறும்

நயாகரா என்ற சொல்லைக் கேட்டவுடன் எவர்க்கும் நினைவில் எழுவது அருவியே. பள்ளிப் புவியியல் நூல்களும் அவ்வருவியின் படத்தை இட்டுச் சில வரிகள் எழுதி மேலே சென்றுவிடுகின்றன. ஆனால் அருவிக்கு மேலே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், ஈரி ஏரி தன் நீரை அவ்வாற்றினிடம் ஒப்படைக்கும் வாயிலில், வேறொரு வரலாறு நடந்திருக்கிறது. அங்கே ஆற்றின் கிழக்குக் கரையில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பஃபலோ நகரம். மேற்குக் கரையில் கனடாவின் ஃபோர்ட் ஈரி என்னும் சிறு நகரம். இவ்விரண்டையும் இணைத்து நிற்பது அமைதிப் பாலம். அப்பாலத்திற்குத் துணையாக இரண்டாம் பாலம் ஒன்றை எழுப்பி, எல்லைச் சாவடியையும் விரிவாக்க எடுத்த முயற்சி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இழுபட்டது. முடிவில் அந்த இரண்டாம் பாலம் கட்டப்படவே இல்லை. அஃது ஏன் அவ்வாறாயிற்று என்று ஆராய்வோர்க்கு, சுற்றுச்சூழல் ஆய்வு என்று இன்று பல நாடுகளில் சட்டமாகியுள்ள வழக்கத்தின் உட்பொருள் தெளிவாக விளங்கும்.

1812-ஆம் ஆண்டு தொடங்கிய போரில் நயாகராவின் இரு கரைகளும் பீரங்கிகளால் எதிரெதிராகச் சுட்டுக்கொண்டன. பஃபலோ ஊரே எரிந்து சாம்பலாயிற்று. 1814 டிசம்பரில் கெண்ட் நகரில் உடன்படிக்கை ஏற்பட்ட பின், அவ்விரு நாடுகளுக்கிடையே நூறாண்டு அமைதி நிலவியதை நினைவுகூரவே பாலத்திற்கு அப்பெயர் இடப்பட்டது. 1925-இல் கட்டுமானம் தொடங்கிற்று. ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடமாதலின் அங்கே நீரோட்டம் கடுமையானது. குளிர்காலத்தில் பனிக்கட்டிப் பாளங்களும் வந்து மோதும். எட்வர்டு லுப்ஃபர் என்னும் தலைமைப் பொறியாளர் இவற்றையெல்லாம் வென்று, 1927 மார்ச்சில் தாமே முதல் மோட்டார் வண்டியை ஓட்டி அக்கரை சேர்ந்தார். சூன் முதல் நாள் பொதுமக்களுக்குப் பாலம் திறந்துவிடப்பட்டது. ஆகஸ்டு 7-ஆம் நாள் நிகழ்ந்த விழாவிற்கு வேல்ஸ் இளவரசர் எட்வர்டு, பிரிட்டிஷ் பிரதமர் பால்ட்வின், கனடியப் பிரதமர் மெக்கென்சி கிங், அமெரிக்கத் துணை அதிபர் டாஸ் ஆகியோர் வந்திருந்தனர்.

அவ்வளவு பெரிய விழாவில் ஆற்றைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஒருவரும் இலர். பாலத்தின் அணுகுவழிக்காகப் போர்ட்டர் கோட்டை என்னும் பழங்கோட்டை இடிக்கப்பட்டது. அதன் அருகே, பூங்காக் கலையின் பேராசானாகிய ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் வகுத்த ஃபிரண்ட் பூங்கா இருந்தது. ஏரியும் ஆறும் கூடும் காட்சியை நகர மக்கள் கண்டு மகிழ்வதற்கென்றே அமைந்த பூங்கா அது. பாலத்தின் சாவடி அதன் ஓரத்தில் வந்து அமர்ந்தது. இதற்காக அக்காலத்தவரைப் பழிப்பது முறையன்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1924-இல், முறைப்படி திறக்கப்பட்ட சிங்கப்பூர்-ஜொகூர் கடற்பாலமும் நீரிணையைக் குறுக்கே மறித்தே கட்டப்பட்டது. கப்பல் எப்படிப் போகும், தொடர்வண்டி எப்படிப் போகும் என்று கேட்டார்களேயன்றி, நீர் எப்படிப் போகும் என்று கேட்பது அன்றைய பொறியியலின் வழக்கம் அன்று.

1950-களில் ஆற்றங்கரையை ஒட்டி விரைவுச்சாலை ஒன்று போடப்பட்டது. அதனால் பூங்காவுக்கும் நீருக்கும் இருந்த உறவு அறுந்தது. பின்னர் 1989-இல் அமெரிக்க-கனடியத் தடையிலா வணிக உடன்படிக்கையும், 1994-இல் மெக்சிகோவையும் சேர்த்துக்கொண்ட உடன்படிக்கையும் நடப்புக்கு வந்தன. சரக்கு லோரிகள் பெருகின. பாலத்தில் இருந்தவையோ மூன்றே தடங்கள். நடுத்தடத்தை நேரத்திற்கேற்ப இப்பக்கமும் அப்பக்கமுமாக மாற்றி மாற்றித் திறந்துவிட்டே காலத்தை ஓட்டினர். சுங்கச் சோதனைக்காகக் காத்திருக்கும் லோரிகள் இயந்திரத்தை நிறுத்தாமல் வரிசையில் நின்றன. அந்த டீசல் புகை சென்று சேர்ந்த இடம் பஃபலோவின் மேற்குப் பகுதி. வருவாய் குறைந்தோரும் புதிதாகக் குடியேறியோரும் மிகுதியாக வாழும் பகுதி அது. அங்கே ஈளை நோய் மிகுந்திருப்பதை மருத்துவ ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

இனி, ஆய்வுச் சட்டம் பிறந்த கதையைச் சிறிது காண்போம். 1960-களில் ஈரி ஏரி செத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. அவ்வேரியில் கலக்கும் குயஹோகா ஆற்றில், 1969 சூனில், மிதந்த எண்ணெயும் கழிவும் தீப்பற்றி எரிந்தன. ஆறு எரிந்தது என்ற செய்தி அந்நாட்டு மக்களின் மனத்தை உலுக்கியது. 1970 சனவரி முதல் நாள் அதிபர் நிக்சன் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். நியூயார்க் மாநிலம் 1975-இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1987-இல் இதனையொத்த ஆணை பிறந்து, மறு ஆண்டு ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி அமெரிக்கச் சட்டமே.

அச்சட்டத்தைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். அது கட்டாதே என்று தடுக்கும் சட்டம் அன்று. கட்டுவதற்கு முன் பார், பார்த்ததை எழுது, எழுதியதை மக்கள்முன் வை என்று பணிக்கும் சட்டம். முதலில் ஒரு சுருக்கமான மதிப்பீடு செய்யப்படும். குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை என்று அதில் தெரிந்தால் அத்துடன் வேலை முடிந்தது. தாக்கம் உண்டு என்று தெரிந்தால் முழு அறிக்கை எழுதியாக வேண்டும். அம்முழு அறிக்கையில் வேறு வழிகள் யாவை என்பதையும், ஒன்றுமே கட்டாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்து எழுத வேண்டும். இறுதியிற் சொன்ன இக்கூறே சட்டத்தின் உயிர்நாடி எனலாம். கட்ட வேண்டும் என்று முன்னமே முடிவு செய்துவிட்ட ஒருவரை, கட்டாமலிருந்தால் என்ன என்று ஒருமுறையேனும் எண்ணச் செய்வது எளிய காரியமா?

எனவே முழு அறிக்கையைத் தவிர்க்க விரும்புவோர்க்கு ஒரு குறுக்குவழி தோன்றுவது இயல்பு. பெரிய வேலையைச் சிறு சிறு வேலைகளாகக் கூறுபோட்டுவிட்டால், எந்தக் கூறும் தனியே பெரிதாகத் தெரியாது. அமைதிப் பாலத்தில் நேர்ந்ததும் இதுவே. 1990-களில் பால ஆணையம், பழைய பாலத்தின் பக்கத்திலேயே அதனைப் போன்ற துணைப் பாலம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டது. பாலம் ஒரு திட்டம். பஃபலோ கரையில் சாவடியை விரிவாக்குவதும் அதற்குச் சாலைகளை இணைப்பதும் வேறு திட்டம் என்று வகுக்கப்பட்டன. பாலத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு சுருக்க மதிப்பீட்டுடன் ஒப்புதல் பெறும் நிலையும் வந்தது.

பஃபலோ நகராட்சியும் பூங்காவைப் பேணுவோரும் பிறரும் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் வாதம் எளிமையானது. பாலம் அகன்றால் லோரிகள் மிகும்; லோரிகள் மிகுந்தால் சாவடி பெருகும்; சாவடி பெருகினால் பூங்காவும் வீடுகளும் சுருங்கும். ஒன்றினால் மற்றொன்று நிகழும்போது, ஒன்றைப் பற்றி மட்டும் அறிக்கை எழுதுவது எப்படி முழுமையாகும்? 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநில நீதிபதி யூஜின் ஃபேஹி இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டார். பாலத்தையும் சாவடியையும் பிரித்து ஆய்ந்தது மாநிலச் சட்டத்திற்கு முரணானது என்பது அவர் தீர்ப்பின் சாரம். சட்டநூலார் இக்குற்றத்திற்கு 'கூறுபடுத்தல்' என்னும் பொருள்படும் பெயரையே இட்டிருக்கின்றனர். உடலைப் பரிசோதிக்கும் மருத்துவர் கைக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள் என்று சான்றிதழ் எழுதிவிட்டு, குருதியோட்டத்தைப் பாராமல் விடுவதற்கு இதனை ஒப்பிடலாம். ஆறும் காற்றும் திட்ட வரைபடங்களின் எல்லைக்கோடுகளை அறியா.

தீர்ப்புக்குப் பின் இரு நாட்டுச் சட்டங்களையும் ஒருங்கே நிறைவு செய்யும் கூட்டு ஆய்வு 2001-இல் தொடங்கிற்று. முழுமையாகப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்த இடத்தில் எத்தனை பொருள்கள் மறைந்து கிடந்தன என்பது புலனாயிற்று.

கனடியக் கரையில், சாவடி வேலைக்காக 1990-களில் தோண்டிய மண்ணின் கீழ், தொல்குடி மக்கள் கருவி செய்யக் கல்லெடுத்த இடம் வெளிப்பட்டிருந்தது. செர்ட்டு எனப்படும் கடினக் கல் அங்கே கரையோரப் பாறையிலேயே கிடைத்தது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் அங்கு வந்து அம்புமுனைகளும் கத்திகளும் வடித்திருக்கின்றனர். போர்வீரர்களுக்கும் சுங்க அதிகாரிகளுக்கும் முன்பே அவ்விடத்தைக் கண்டுகொண்டவர்கள் அவர்களே.

ஆற்றிலோ பறவைகள். 1996-இல் நயாகரா ஆற்றுப் பகுதியை உலகச் சிறப்புடைய பறவை வாழிடமாக இரு நாட்டாரும் ஏற்றிருந்தனர். குளிர்காலத் தொடக்கத்தில் ஒரே நாளில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கடற்காக்கைகள் அவ்வாற்றில் கூடுவதுண்டு. அவற்றுள் பத்தொன்பது இனங்கள் பதிவாகியுள்ளன. ஏரி உறையும்போதும் விரைந்தோடும் ஆறு உறைவதில்லை. ஆகவே இரை கிடைக்கிறது. எமரால்டு ஷைனர் என்னும் விரல்நீளச் சிறுமீன் கூட்டங்கூட்டமாய் அங்கே திரிகிறது. அதனை உண்டு வாழ்வனவற்றுள் ஆலா என்னும் பறவையும் ஒன்று. பஃபலோ துறைமுக அலைதடுப்புச் சுவர்களில் கூடு கட்டும் சாதாரண ஆலாவை நியூயார்க் மாநிலம் அழிவு நேரக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

இதற்கிடையே, வெறும் இரட்டைப் பாலம் வேண்டா, நகருக்கு அழகு சேர்க்கும் பெரும்பாலம் வேண்டும் என்று பஃபலோ மக்கள் விரும்பினர். புகழ்பெற்ற சுவிஸ் பொறியாளர் கிறிஸ்டியன் மென் உயர்ந்த கோபுரங்களிலிருந்து வடங்கள் தாங்கும் பாலம் ஒன்றை வரைந்தார். காண்பதற்கு எழிலானது, ஆயினும் வானில் எழும் கோபுரமும் வடங்களும் ஆற்றின்மீது பறந்து செல்லும் ஆலாக்களுக்கு இடராகும் என்று வனவிலங்கு அதிகாரிகள் எச்சரித்தனர். அவ்வடிவம் கைவிடப்பட்டது. ஒரு பறவைக்காகவா பாலத்தை மாற்றுவது என்று நகைத்தவர் பலர். பறவைக்காகப் பாலத்தின் வடிவத்தை மாற்றலாம் என்பது 1927-இல் எவரும் கனவிலும் கருதாத ஒன்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின் சோதனைகள் கடுமையாயின. சாவடிக்கு இன்னும் பெரிய இடம் வேண்டும் என்றனர். பஃபலோ கரையில் இடமில்லை. ஃபோர்ட் ஈரியில் இருந்தது. ஆகவே அமெரிக்கச் சோதனையையும் கனடிய மண்ணிலேயே நடத்தலாம் என்று 2004-இல் இரு அரசுகளும் பேசத் தொடங்கின. பூங்காவையும் வீடுகளையும் காக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் 2007-இல் அப்பேச்சு முறிந்தது. காரணம், கைரேகை. சாவடிவரை வந்து, எல்லையைக் கடக்காமல் திரும்ப நினைப்பவரிடமும் கைரேகை எடுக்க வேண்டும் என்றது அமெரிக்கா; குற்றம் சாட்டப்படாதவரிடம் அவ்வாறு எடுப்பதைத் தன் சட்டம் ஒப்பாது என்றது கனடா. ஒரு விரற்கோட்டின் பொருட்டு ஓர் ஊரின் வீடுகள் மீண்டும் இடருக்குள்ளாயின. விரிந்த சாவடியைப் பஃபலோ கரையில் அமைக்கும் வரைவறிக்கை வந்தது; 2008-இல் அந்தக் குடியிருப்பு, அமெரிக்காவில் பேராபத்திலுள்ள பதினொரு மரபிடங்களுள் ஒன்றாகத் தேசிய மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளையால் அறிவிக்கப்பட்டது.

2012-இல் கூட்டரசு நெடுஞ்சாலை நிருவாகம் ஆய்வையே முடித்துக்கொண்டது. இரண்டாம் பாலம் ஏட்டோடு நின்றது.

ஆய்வே திட்டத்தைக் கொன்றது என்று கூறுவோர் இன்றும் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. காலம் நீண்டது, பொருளும் செலவாயிற்று. எனினும் முழு உண்மை அதுவன்று. தொடக்கத்திலேயே முழு ஆய்வு செய்திருந்தால் நீதிமன்றத்தில் கழிந்த காலம் மிஞ்சியிருக்கும். கைரேகைப் பிணக்கை ஆய்வு உண்டாக்கவில்லை. இவற்றினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. எந்தப் போக்குவரத்துப் பெருக்கத்தைக் காட்டி இரண்டாம் பாலம் கேட்கப்பட்டதோ, அந்தப் பெருக்கம் 2000-க்குப் பின் வரவில்லை; மாறாகக் குறைந்தது. கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, காலமே விடை எழுதிற்று.

அதற்காக அங்கே எல்லாம் நன்றாக முடிந்தது என்றும் கொள்ளலாகாது. 2013-இல் சாவடியை அடுத்த பஸ்ட்டி அவென்யூவில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. 2014-இல் லோரிகளைக் கனடியக் கரையிலேயே முன்சோதனை செய்யும் முயற்சி ஓராண்டு நடந்து, தொடராமல் நின்றது. அதே ஆண்டு ஒப்புதல் பெற்ற சிறிய திட்டம் ஒன்று, சாவடியிலிருந்து வண்டிகள் விரைவுச்சாலைக்கு நேரே ஏறுவதற்கு வழி செய்தது. அதனால் ஃபிரண்ட் பூங்காவை ஊடறுத்துச் சென்ற பேர்டு டிரைவ் என்னும் சாலை அகற்றப்பட்டு, அந்நிலம் பூங்காவுக்கே திரும்பிற்று. 2016-இல் பழைய பாலத்தின் தளத்தைப் பெயர்த்துப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. 2019-இல் நயாகரா ஆற்றின் அமெரிக்கப் பகுதி, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. லுப்ஃபர் எழுப்பிய தூண்களின்மீது அதே மூன்று தடங்களில் லோரிகள் இன்றும் போய்வருகின்றன. கோடையில் ஆலாக்கள் துறைமுகச் சுவர்களுக்கு வந்து கூடு கட்டுகின்றன.