மீட்டர் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்: நீர்க்கரை அடுக்குமாடிகள் குறித்து

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் பெரிய நீர்நிலை என்றால் வாணியாறு அணைதான். அதன் கரையில் அடுக்குமாடி எழுப்ப எவருக்கும் அவசியம் வந்ததில்லை. ஆனால் சென்டரிங் வேலைக்கும் கம்பி வேலைக்கும் பெங்களூரு, சென்னை, கேரளம் என்று தருமபுரி மாவட்டத்திலிருந்து போகிறவர்கள் ஏராளம். நீர்க்கரைக் கோபுரங்களின் ஆயுளை இவர்கள் கைவேலையும் தீர்மானிக்கிறது. ஒழுங்குமுறைச் சட்டங்களோ அந்தக் கைவேலையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொச்சியை ஒட்டிய மரடில் காயலோரக் குடியிருப்புகளை இடிக்க உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று ஆணையிட்டது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியவை என்பதே காரணம். கட்டடங்களின் உறுதி அங்கே கேள்வியாகவே இல்லை. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வழக்கு முழுக்க, நீரிலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கு.

சென்னை போரூர் ஏரிப் பக்கம், மௌலிவாக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. திட்ட அனுமதி கையில் இருந்தது. 2014 ஜூன் 28 மாலை மழையில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். இடி விழுந்தது என்றது கட்டுநர் தரப்பு. விபத்தை விசாரித்த நீதிபதி ரகுபதி ஆணையம் கட்டமைப்புக் குறைகளைச் சுட்டியது. எஞ்சிய இணைக் கட்டடம் 2016 நவம்பரில் தகர்க்கப்பட்டது.

இவ்விரண்டும் ஊரறிந்தவை. மூன்றாவது வகைச் சிதைவு மெதுவானது. அதற்கு விசாரணை ஆணையம் அமைவதில்லை. ஐ.எஸ். 456:2000 தரவிதிப்படி, உள்நாட்டின் லேசான (mild) சூழலில் தளக் கம்பிக்கு வெளியே 20 மி.மீ. கான்கிரீட் உறை போதும். கடலோரத்தில் 45 மி.மீ. வேண்டும், கடல்நீர்த் திவலை படும் இடத்தில் 50. காற்றிலும் நீரிலும் உள்ள குளோரைடு இந்த உறையைக் கடந்து கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்து உறையைப் பிளக்கும். பிளவு வழியே மேலும் உப்பு இறங்கும்.

உறை அளவு காக்கக் கம்பிக்கும் பலகைக்கும் இடையே வைக்கும் சிறு கட்டைதான் கவர் பிளாக். கட்டிய கம்பி மேல் ஆள் நடந்தால் அது நழுவும். கம்பி பலகையோடு ஒட்டும். பிளாக் தீர்ந்துபோனால் ஜல்லித் துண்டைச் செருகுவதும் உண்டு. சொந்த ஊரில் ஒற்றை மாடிக்கு இது பெரிய கேடு செய்யாது. அதே பழக்கம் கடலோர 20 மாடியில் நுழைந்தால், குற்றம் கம்பி கட்டியவர் மேல்தான் விழும். கரை மாறியதை அவருக்கு யார் சொன்னார்கள்?

பெரிய கட்டடங்களில் க்யூப் சோதனை உண்டே என்பார்கள். உண்டு. அது கான்கிரீட்டின் வலிமையைச் சொல்லும். கம்பி எங்கே கிடக்கிறது என்று சொல்லாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீடு கையளித்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைக்கே கட்டுநர் பொறுப்பு. உப்பு உள்ளே இறங்கித் துரு வெளியே தெரிவதற்குள் பெரும்பாலும் அந்தக் கெடு முடிந்துவிடும். ஆகவே, பலகை பிரித்தவுடன் கவர் மீட்டரால் தளந்தோறும் உறையை அளந்து, அந்தப் பதிவைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பதை நிறைவுச் சான்றிதழுக்கு நிபந்தனையாக்க வேண்டும். கருவி ஒன்றும் அரியதல்ல. ஒரு தளத்தை மாதிரி அளவில் சோதிக்க ஒரு பகல் போதும்.