வேலையில்லாதார் யார்? கணக்கும் வரலாறும்

அதியமான்கோட்டை என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே தகடூர் ஆண்ட அதியமானும், அவன்பால் நட்புப் பூண்ட ஔவையும், நெல்லிக்கனியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் அந்தக் கோட்டைக்கு மண் சுமந்தோர் யார், அவர்க்குக் கிடைத்த கூலி யாது என்பனவற்றை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. உழைப்போர் கணக்கில் ஏறாமற் போவது பண்டைக்கால வழக்கம் மட்டுமன்று. இன்றைய வேலையின்மைப் புள்ளிவிவரங்களிலும் அதுவே நிகழ்கின்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் முன்னோர்க்கு வேலையின்மை என்ற சொல்லே அந்நியமானது. அவர்க்கு வேலை இருந்தது, கூலிதான் இல்லை. படியாளாக நின்றவர் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாய் உழைத்தனர். சாவுச் செய்தி சொல்லுதல், பறையறைதல், செத்த மாட்டை அப்புறப்படுத்தல் ஆகியவை ஊர்க் கடமை என்ற பெயரால் சுமத்தப்பட்டன. 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம், தருமபுரியை உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தைக் கடுமையாக வாட்டியது. இம்மாவட்டத்து ஏழைகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிற நாடுகளுக்கும் கங்காணிகளையும் முகவர்களையும் நம்பிச் சென்றனர். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையின் விளைவாக 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. அந்நிலங்களிற் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்கு மாறியதை நாம் அறிவோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் நிறைவேறியது. எனவே, விரும்பிய வேலையைத் தேடும் உரிமையே நமக்குப் புதிதாகக் கிடைத்த ஒன்று எனலாம்.

அவ்வுரிமைக்கு ஓர் அலுவலகத்தை அளித்த காலமும் நினைவிற் கொள்ளத் தக்கது. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக 1942 முதல் 1946 வரை பணியாற்றினார். அக்காலத்தில், 1945இல், போரிலிருந்து மீண்ட வீரர்க்காக வேலைவாய்ப்பு நிலையங்கள் தோன்றின. 1948இல் அவை எல்லோர்க்கும் திறக்கப்பட்டன.

இனி, கணக்கெடுத்த முறையைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினர் உழைப்பாளர். 1971இல் அவ்வளவு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. பத்தாண்டுகளில் நாட்டுப் பெண்களிற் பாதிப்பேர் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டனரா? இல்லை, கேள்வி மாறியது. முதன்மையான செயல் எது என்று 1971இல் வினவினர். சமையலும் பிள்ளை வளர்ப்பும் முதன்மை என்று பதிவான பெண், வயலிற் செய்த வேலை மறைந்தது. 1981இல் முதன்மை உழைப்பாளர், குறு உழைப்பாளர் என இரு பிரிவு வகுத்ததும் அவ்விகிதம் மீண்டும் சுமார் 20 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. பெண்களின் கை ஓயவில்லை. கணக்கெழுதியோரின் ஏடுதான் மாறிற்று.

வேலையின்மையை ஒரே எண்ணால் அளக்க இயலாது என்று தந்த்வாலா குழு 1970இல் அறிவுறுத்தியது. அதன்படி தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 1972-73இல் விரிவான ஆய்வைத் தொடங்கியது. 2017 முதல் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. 2017-18இல் நாட்டின் வேலையின்மை ஆண்களிடையே 6.2 விழுக்காடு, பெண்களிடையே 5.7 விழுக்காடு. 2023-24இல் இரு பாலாரிடையேயும் அது 3.2 விழுக்காடாகக் குறைந்தது. தமிழகத்தில் 2019-20இல் 5.3ஆக இருந்தது 2023-24இல் 3.5 ஆயிற்று.

இவ்வெண்களைக் கண்டு மகிழுமுன் அவற்றின் இலக்கணத்தை அறிதல் வேண்டும். இந்த அளவையில், ஓராண்டில் 30 நாள் துணைவேலை செய்தவரும் வேலையுடையவரே. வேலை இல்லாது, வேலை தேடவோ ஏற்கவோ முன்வருபவரே வேலையற்றவர். தேடிச் சலித்து வீட்டில் அமர்ந்துவிட்ட பெண் எந்தக் கட்டத்திலும் இல்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பாளர் படையிற் சேர்ந்தோர் 2017-18இல் 23.3 விழுக்காடு, 2023-24இல் 41.7 விழுக்காடு. இவ்வுயர்வில் பெரும்பகுதி சுயதொழிலும், ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் துணைநிற்றலுமே ஆகும். வேலை என்ற சொல் பெருகியுள்ளது. கூலி அதே அளவிற்குப் பெருகியதாகக் கூற இயலாது.

நம் மாவட்டத்தின் நிலை யாது? 1965இல் சேலத்தினின்று பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவாயிற்று. ஆலைகள் பெருகிய ஓசூர் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு சென்றது. நமக்கு எஞ்சியது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் நிலக்கடலைக் காட்டிலும் கேழ்வரகுக் கொல்லையிலும் கூலி இல்லை. ஆண்கள் பெங்களூருக் கட்டட வேலைக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும் சென்றனர். ஊரில் நின்ற பெண்கள் களையெடுத்தும் புளி தட்டியும் குடும்பம் காத்தனர். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த நூறுநாள் வேலை 2008இல் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தபோது, தமிழகத்தில் அதனை மிகுதியாகப் பற்றிக்கொண்டோர் பெண்களே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை நம் கிராமங்கள் கண்ணாரக் கண்டது அப்போதுதான்.

வெளியூர்க் கூலி நம்மவர்க்குத் தந்தது சோறு மட்டுமன்று. ஊராரின் தயவை எதிர்பாராது வாழும் துணிவையும் தந்தது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 2012 நவம்பர் 7ஆம் நாள் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் நம் மக்களின் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தீக்கிரையாயின. கலப்புமணம் ஒன்றை முன்னிட்டு மூண்ட அத்தீயில், பெங்களூரில் கல்லும் மண்ணும் சுமந்து ஈட்டிய பொருளும் எரிந்தது.

இனி, பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் வினாவிற்கு வருவோம். "படிக்காதவனுக்குக் கூலி வேலையாவது கிடைக்கிறது, படித்த பிள்ளை சும்மா இருக்கிறதே, படிப்பால் என்ன பயன்?" என்கின்றனர். இவ்வினாவில் உண்மையின் ஒரு பாதி உள்ளது. 2017-18இல் உயர்நிலைப் பள்ளியும் அதற்கு மேலும் கற்ற கிராமப்புற ஆண்களில் 10.5 விழுக்காட்டினர், பெண்களில் 17.3 விழுக்காட்டினர் வேலையற்றிருந்தனர். எழுத்தறியாதாரிடையே அவ்விகிதம் மிகக் குறைவு. ஆனால், எழுத்தறியாத தாய்க்கு வேலையின்றி இருக்க வசதியில்லை. கிடைத்த வேலையைக் கிடைத்த கூலிக்குச் செய்தே தீரவேண்டும். மகளோ "இவ்வேலை வேண்டா, தகுந்த வேலை வேண்டும்" என்று சொல்லக் கற்றிருக்கிறாள். படியாளின் வழித்தோன்றல் மறுக்கக் கற்றதை வரலாற்றின் முன்னேற்றம் என்றே கொள்ளுதல் தகும். குறை படிப்பில் இல்லை; படித்தவர்க்குத் தக்க வேலையை அருகில் அமைக்காத திட்டங்களில் உள்ளது.

படித்த பெண்ணின் இடர் இருமடங்கு என்பதையும் மறத்தலாகாது. மகன் பெங்களூருக்குச் சென்றால் பெருமை; மகள் ஓசூர் ஆலை விடுதிக்குச் சென்றால் ஐயம். தமிழக அரசுப் பணிகளில் மகளிர்க்கு 1989இல் 30 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அவ்விடத்தை அடையத் தேர்வுப் பயிற்சியும் பயணச் செலவும் வீட்டாரின் இசைவும் தேவை. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழகத்திலேயே அதுவே மிகக் குறைவு. ஆண்கள் 76.9, பெண்கள் 60.0 என்ற இடைவெளியே நம் பணியின் அளவைக் காட்டும்.

ஆகவே வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் முன் ஒரு கடமையை வைக்கின்றோம். நம்மிடம் பயின்று சென்ற ஒவ்வொருவர்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஓர் ஏடு திறப்போம். என்ன படித்தார், எங்கு உழைக்கிறார், என்ன ஊதியம், எத்தனை மாதம் வேலையின்றி இருந்தார் என எழுதுவோம். மணமாகிச் சென்ற பெண்ணின் பெயரையும் அதில் விடாது சேர்ப்போம். பிறர் எழுதிய கணக்கில் நாம் பலமுறை விடுபட்டோம். நம் கணக்கை நாமே எழுதினால், தகுந்த வேலை கேட்டு அரசின் வாயிலில் நிற்கும் நாளில் கையில் சான்றோடு நிற்போம்.