ஒரு பேணி மா எத்தனை கிராம்?

தெமட்டகொடையில் எங்கள் ஒழுங்கையில் இடியப்பமும் ரொட்டியும் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள் பலர். மா வாங்குவது கிலோவில், அளந்து குழைப்பது பால்பேணியில். கணக்கு உதைப்பது இங்கேதான்.

நான் செய்வது இது. வெறும் பேணியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் மில்லிலீற்றரில் பேணியின் கொள்ளளவு. 250 மில்லிலீற்றருக்குச் சீனி ஏறத்தாழ 210 கிராம், அரிசி 200, தேங்காய் எண்ணெய் 230, உப்புத்தூள் 300. உங்கள் பேணி 300 மில்லிலீற்றர் என்றால் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்.

ஏமாற்றுவது கோதுமை மாதான். அரித்துத் தூவினால் 250 மில்லிலீற்றர் கப்பில் சுமார் 125 கிராம். பைக்குள்ளேயே அமுக்கி அள்ளினால் 150 வரும். 20 கப் ஓடரில் அரைக் கிலோ வித்தியாசம்! 125 என்று விலை போட்டவரின் இலாபம் அதிலேயே கரைந்துவிடும். வறுத்த அரிசிமாவும் அப்படித்தான். ஆகவே மாவை நிறுத்தே எடுங்கள். தேங்காய்ப்பாலுக்குப் பேணியே போதும்.

பழைய கேக் குறிப்புகளில் வரும் இறாத்தல் 454 கிராம், அவுன்ஸ் 28. அமெரிக்கக் காணொளிகளில் சொல்லும் கப் சற்றுச் சிறியது, சுமார் 240 மில்லிலீற்றர்.