ஈழப் போராட்டமும் திருவள்ளூர் மாவட்டமும்

1982 மே 19 அன்று சென்னை பாண்டி பஜாரில் விடுதலைப் புலிகள் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனும் அவ்வியக்கத்திலிருந்து பிரிந்துபோன உமா மகேசுவரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். பிரபாகரன் அங்கேயே பிடிபட்டார். தப்பியோடிய உமா மகேசுவரன் சில நாள்களில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் கைதானார். இருவரையும் ஒப்படைக்கும்படி இலங்கை கேட்டது. பழ. நெடுமாறன் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒப்படைக்கக் கூடாது என்றது; எம்.ஜி.ஆர். அரசும் ஒப்படைக்கவில்லை. பிணையில் வந்த பிரபாகரன் மதுரையில் தங்கினார். ஈழப் போராட்டத்துக்குத் தமிழ்நாடு பின்புலமானதை 1983-இலிருந்து கணக்கிடுவது வழக்கம். ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, ஒரு குற்ற வழக்கில், ஆதரவு வெளிப்பட்டுவிட்டது.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஆதரவு மூன்று தளங்களில் பெருகியது. மு. கருணாநிதியும் க. அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தனர். எம்.ஜி.ஆர். புலிகளுக்குப் பணம் கொடுத்தார். இந்திய உளவுத்துறை ஐந்து ஈழ இயக்கங்களுக்குப் படைப்பயிற்சி அளித்தது. சேலம் மாவட்டக் கொளத்தூர் அப்படியொரு பயிற்சிக்களம். மக்களின் நோக்கமும் தில்லியின் நோக்கமும் ஒன்றல்ல. மேற்குலகின் பக்கம் சாய்ந்த இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவை வழிக்குக் கொண்டுவருவதே தில்லியின் தேவை. தனி ஈழத்தை அது ஒருபோதும் ஏற்கவில்லை. 1971-இல் வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்கு இடமளித்த இந்தியா வங்கதேசம் பிறக்கும்வரை உடன் நின்றது. அந்த நினைவே ஈழத்தவரிடம் மிகையான நம்பிக்கையை வளர்த்தது எனலாம்.

முரண் வெளிப்பட நாளாகவில்லை. 1986 நவம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸ் இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தது. தகவல் தொடர்புக் கருவிகளைத் திருப்பித் தரக்கோரிப் பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபரில், அதன்படி இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையும் புலிகளும் மோதினர். 1990 மார்ச்சில் திரும்பிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் எல்லாம் தலைகீழானது. வழக்கு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பூந்தமல்லியில் தனி நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது; மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நால்வருக்கு மட்டும் உறுதிசெய்தது. புலிகள் இயக்கம் 1992 மே மாதமே தடைசெய்யப்பட்டிருந்தது. ஈழத்தவருக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதே அரிதான காலம் அது.

அந்தக் கசப்பைச் சுமந்தவர்கள் அகதிகள்தாம். 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் ராமேசுவரம் கரையில் இறங்கிய குடும்பங்கள் மண்டபம் முகாம் வழியாக மாநிலமெங்கும் பிரித்து அனுப்பப்பட்டன. அப்படி உருவான பெரிய முகாம்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது, புழலில் இன்னொன்று. அடுத்தடுத்து ஒட்டிய சிறு வீடுகள், காவல்துறைக் கியூ பிரிவின் கண்காணிப்பு, மாத உதவித்தொகை, ரேஷன் அரிசி. ஆண்கள் பெரும்பாலும் பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள். சிப்காட் ஆலைகளில் தினக்கூலிக்கும் போவதுண்டு. முகாம் பிள்ளைகள் பட்டம் பெற்றாலும் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. சா. செ. சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் படிப்புக்குத் துணைநின்றது. மேடைப் பேச்சுகளைவிட இத்தகைய வேலையே நீடித்த ஆதரவு.

2009 ஜனவரியில் இலங்கைப் போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் என்ற இளைஞர் சென்னையில் தீக்குளித்தார். 2013 மார்ச்சில் தனி ஈழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு கோரித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. தில்லி இரண்டுக்கும் அசையவில்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றி, 7,469 வீடுகள் உள்ளிட்ட 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களுக்குத் தண்டனை விதிகளிலிருந்து விலக்களித்து ஒன்றிய அரசு 2025-இல் ஆணையிட்டது; குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஒன்றுமில்லை.